ஓட்டோவில் போன கோள்

முதல் எச்சரிக்கை ஒலி கேட்டபோது நேரம் எட்டு நாற்பத்தொன்று. எங்கள் ஓட்டோ கொழும்பின் புறக்கோட்டையில் இரண்டு லொறிகளுக்குப் பின்னால் நின்றுபோயிருந்தது. என் மடியில் திரை இல்லாத கணினிப் பெட்டி. கால்களுக்கு நடுவே, மின்சாரம் போனால் கணினியைத் தாங்கிப் பிடிக்கிற யூ.பி.எஸ். பெட்டி. ஒலி அதிலிருந்துதான் வந்தது.

கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசிறி தள்ளிய சூடான காற்று என் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு நேரே பட்டது.

என் பக்கத்தில் மனைவி நளாயினி. அவளுக்கு அந்தப் பக்கம் பெர்னடெட் அக்கா, எங்கள் வெள்ளவத்தை மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் இருப்பவர்.

"இஞ்சருங்கோ, என்ன சத்தம் அது?" என்றாள் நளாயினி.

"பற்றரி."

"ரெண்டு மணித்தியாலம் நிக்கும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"நிக்கும்."

"வெளிக்கிட்டு இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகேல்லை."

ஏழு ஐம்பத்திரண்டுக்குச் சுவரிலிருந்து வயரைக் கழற்றினோம். ஆக நாற்பத்தொன்பது நிமிடம். அந்தப் பெட்டி முதலில் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒலிக்கும். பிறகு பத்து விநாடிக்கு ஒரு தடவை. பிறகு விடாமல். அதன் பிறகு அணைந்துவிடும்.

அது அணைந்தால் பெட்டிக்குள் ஐந்து நாளாக நடந்துகொண்டிருந்த ஒரு கணக்கு அழியும். கணக்கு அழிந்தால் நளாயினியின் ஒன்பது வருடக் கலாநிதிப் படிப்பு போய்விடும். அன்று வியாழன். ஆய்வேட்டின் திருத்தத்தை அனுப்ப அவளுக்கு வெள்ளி பகல் பன்னிரண்டு மணி வரை நேரம் இருந்தது.

பெட்டிக்குள் இருந்தது என்ன

மின்வெட்டு மாதங்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்த சிலர், அந்தக் காலத்தில் எனக்கு மிகவும் பயமாக இருந்த நாள் எது என்று கேட்டிருந்தார்கள். இதுதான். நாட்குறிப்பில் திகதி இருக்கிறது. இங்கே அது தேவையில்லை.

நளாயினி பாடசாலையில் பௌதிகம் படிப்பிப்பவள். முப்பத்தெட்டு வயதில் ஆய்வுக்குப் பதிந்தாள். அவளுடைய விடயம், பாறைக் கோள்கள் பிறந்த புதிதில் எப்படி ஆறின என்பது. எனக்கு அவள் சமையலறையில் நின்று விளக்கியதை இங்கே சுருக்கித் தருகிறேன்.

பூமி போன்ற கோள்கள் சின்னச் சின்ன உலகங்கள் ஒன்றோடொன்று மோதி உருவானவை. ஒவ்வொரு பெரிய மோதலிலும் எழுந்த வெப்பத்தில் கோளின் மேற்பரப்பே உருகிவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஆழத்துக்கு உருகிய பாறை. கரையில்லாத கடல். அதில் இரும்பு பாரம் தாங்காமல் நடுவுக்கு இறங்கும். பாறை ஆறத் தொடங்கியதும் கனமான கனிம மணிகள் அடியில் படியும். சந்திரனில் இலேசான மணிகள் மேலே மிதந்தன. நாம் அண்ணாந்து பார்க்கும் வெள்ளைப் பகுதி அப்படி மிதந்து உறைந்ததுதான்.

இதையெல்லாம் விட அவளைப் பிடித்துக்கொண்டது தண்ணீர். உருகிய பாறைக்குள் தண்ணீர் கரைந்திருக்கும். பாறை உறைய உறைய அது நீராவியாக வெளியே வந்து கோளைப் போர்த்திக்கொள்ளும். அந்தப் போர்வை வெப்பத்தை வெளியே விடாது. கோள் சூரியனுக்குப் போதிய தூரத்தில் இருந்தால் மெல்ல ஆறி, மேலோடு மூடி, நீராவி மழையாகக் கொட்டும். கடல் உண்டாகும். கிட்ட இருந்தால் ஆறாது. ஆறாமல் கிடக்கும் காலம் முழுக்க நீராவி வெயிலில் உடைந்து விண்வெளிக்குத் தப்பிப் போகும்.

"வெள்ளிக் கிரகம் அப்பிடித்தான் போயிருக்கலாம் எண்டு சிலர் சொல்லீனம்" என்றாள். "சரியாத் தெரியாது."

அவளுடைய ஆய்வேட்டில் ஒரு வரைபடம் இருந்தது. ஒரு பக்கம் மழை பெய்த கோள்கள், மறுபக்கம் வறண்ட கோள்கள். நடுவே அவள் போட்ட கோடு. பரீட்சகர்கள் மிச்சம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு ஒன்றை மட்டும் கேட்டிருந்தார்கள். கோடு போகிற இடத்தில் ஒரு கோளைக்கூடக் கணக்கிட்டுப் பார்க்கவில்லையே, அங்கே ஒரு புள்ளி வையுங்கள்.

அந்த ஒற்றைப் புள்ளிதான் என் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. தவணையை அவள் ஏற்கெனவே இரண்டு தரம் நீட்டியிருந்தாள். முதல் தரம் மாமி வருத்தம் வந்து படுத்தபோது. இரண்டாம் தரம் ஊரடங்குக் காலத்தில். மூன்றாம் தரம் கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுத்தில் தந்திருந்தது.

மாற்றம் இருந்தால் மட்டும்

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும்.

நான் துறைமுகத்தில் வேலை செய்கிறேன். இறைச்சி, மீன், மருந்து வரும் குளிர்கொள்கலன்களின் வெப்பநிலையை இரண்டு மணிக்கொரு தடவை பார்த்துப் பதிவது எங்கள் பிரிவின் வேலை. முன்பு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் இலக்கத்தை முழுதாக எழுதுவார்கள். பக்கம் பக்கமாக ஒரே இலக்கம். நான் பொறுப்பேற்றதும் ஒரு முறையைக் கொண்டுவந்தேன். வெப்பநிலை மாறாவிட்டால் ஒரு சரிக்குறி போதும், மாறினால் மட்டும் எழுதுங்கள். பதிவேடு பாதியாய்ச் சுருங்கியது. மேலிடத்தில் பாராட்டினார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

சில மாதங்களுக்கு முன் நளாயினியின் கணினியில் இடம் நிரம்பிவிட்டது. அவளுடைய நிரல், கோளின் நிலையைச் சிறு இடைவெளிகளில் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான கோப்புகள். அநேகமாக எல்லாம் ஒன்று போலவே.

"மாறினால் மட்டும் பதியச் சொல்லும்" என்றேன்.

அவளுக்கும் அது சரியாகப் பட்டது. மேற்பரப்பு ஐம்பது பாகை ஆறும் ஒவ்வொரு தடவையும் சேமி என்று எழுதிவிட்டாள். அதற்கு முந்திய கோள்கள் எல்லாம் மளமளவென்று ஆறின. கோப்புகளும் ஒழுங்காக வந்தன.

கோட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருந்த இந்தக் கோள் ஆறவில்லை.

சனிக்கிழமை தொடங்கிய கணக்கு ஞாயிறு காலை 1450 பாகையில் ஒரு கோப்பைச் சேமித்தது. பிறகு 1418க்கு வந்து நின்றது. அடுத்த கோப்பு 1400இல்தான். திங்கள், 1418. செவ்வாய், 1418. புதன் காலை 1417. மூன்று நாளில் ஒரு பாகை. திரையில் இலக்கங்கள் வந்துகொண்டிருந்தன, ஆனால் சேமிப்பு வட்டில் ஒன்றும் ஏறவில்லை. ஓடுகிற நிரலுக்கு நடுவில் எதையும் சொல்லவும் முடியாது. நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்ப வேண்டும்.

அதுவரை மின்சாரம் ஒரு தடவைக்கு முக்கால் மணித்தியாலத்துக்குத்தான் போகும். யூ.பி.எஸ். தாங்கியது. வாங்கிய கிழமையில் கைக்கடிகாரத்தை வைத்து மூன்று தடவை அளந்திருந்தேன். திரை இல்லாவிட்டால் இரண்டு மணி பத்து நிமிடம்.

புதன் மாலைச் செய்தியில், மறுநாள் மின்வெட்டு பத்து மணித்தியாலத்துக்கு மேல் என்றார்கள். எங்கள் பகுதிக்குக் காலை எட்டிலிருந்து ஒரே மூச்சாக ஆறு மணித்தியாலம்.

நளாயினி தொலைக்காட்சியை அணைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜெனரேட்டர் அறையில்

எங்கள் கட்டடத்தில் ஒரு பொது ஜெனரேட்டர் இருக்கிறது. லிஃப்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் படிக்கட்டு விளக்குகளுக்கும் மட்டும். அதிலிருந்து எவரும் தனி வயர் இழுக்கக் கூடாது. அந்த விதியை எழுதி லிஃப்டுக்குள் ஒட்டியவன் நான், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

இரண்டு கிழமைக்கு முன் பெர்னடெட் அக்கா தன் ஃப்ரீசருக்கு ஒரு வயர் இழுத்திருந்தார். ஓடருக்குக் கட்லட் செய்து கொடுப்பவர். பேலியகொடையில் விடியற்காலையில் போய் வாங்கிய மீன் உள்ளே இருந்தது. நான் வயரைக் கழற்றி, சுற்றி, கடிதத்தோடு அவருடைய வாசலில் வைத்தேன்.

அந்தப் புதன் மாலை ஆறே காலுக்கு நான் பதினைந்து மீற்றர் வயர்ச் சுருளோடு ஜெனரேட்டர் அறைக்குள் நின்றேன். பூட்டின் சாவி செயலாளரிடம்தானே இருக்கும்.

"என்னா செக்ரட்டரி ஐயா, கையில என்னா? பாம்பா?"

வாசலில் பெர்னடெட் அக்கா. இடுப்பில் வெறும் வாளி.

"சும்மா பார்க்க வந்தனான், அக்கா."

"வயரோடயா பார்ப்பீங்க? மூணாம் பிரிவு என்னா சொல்லுது? நான் டெய்லி லிஃப்டுல போறப்ப படிக்கிறேன், எனக்குப் பாடம்."

பொய் சொல்ல எனக்கு வராது. முழுவதையும் சொன்னேன். உருகிய பாறை, நீராவி, சரிக்குறி, 1417, வெள்ளி பன்னிரண்டு மணி. அவர் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப டீச்சர்ட படிப்பக் கெடுத்தது நீங்கதானா?"

"ஓம்."

"டீசல் எவ்வளவு இருக்கு?"

"எட்டு லீற்றர்."

"அது பத்தரைக்கு முடிஞ்சிரும். பொறகு? வயர் இழுத்தும் மானம் போச்சு, படிப்பும் போச்சு." கொஞ்ச நேரம் யோசித்தார். "கொட்டாஞ்சேனையில என்ட அண்ணன் வீடு இருக்கு. அந்த ஒழுங்கையும் தண்ணி பம்பு ஸ்டேஷனும் ஒரே லைன். அங்க கரண்ட் போறதே இல்ல. அண்ணன் நீர்கொழும்புக்குப் போயிட்டாரு, மகளப் பார்க்க. அங்க கொண்டு போங்க."

"ஓடுற கொம்பியூட்டரைக் கழட்ட ஏலாது, அக்கா."

"கழட்டாதீங்க. பற்றரியோட தூக்குங்க. புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதில்லையா? வகுத்தக் கழட்டி வெச்சிட்டா கொண்டு போறாங்க?"

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணு மட்டும். நானும் வருவேன். சாவிய உங்க கையில தரமாட்டேன். அங்கயும் நோட்டீஸ் ஒட்டிருவீங்க."

தராசின் வயர்

மறுநாள் அவருக்குப் பழக்கமான ஒரு மட்டக்குளிச் சாரதி வந்தார். முதல் நாள் வரிசையில் நின்று பெற்றோல் அடித்திருந்தார். சாதாரணமாக நாற்பது நிமிடப் பயணம். கொள்ளுப்பிட்டியில் வெறும் எரிவாயுச் சிலிண்டர்களைச் சாலைக்குக் குறுக்கே உருட்டி வைத்துவிட்டுச் சனம் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி வந்து புறக்கோட்டையில் மாட்டிக்கொண்டோம். அங்கேதான் அந்த ஒலி.

எட்டு நாற்பத்தாறுக்கு அது பத்து விநாடிக்கு ஒரு தடவை ஒலிக்கத் தொடங்கியது.

என் பிழை எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அளந்தது புதுப் பற்றரியை. பல கிழமைகளாக ஒரு நாளைக்கு இரண்டு தரம் வடிந்து, முழுதாக நிரம்ப நேரம் கிடைக்காமலே கிடந்த பற்றரி அது. மூன்று தடவை அளந்த இலக்கத்தைப் பிறகு ஒரு தடவைகூட நான் சரிபார்க்கவில்லை. மாறியிருக்காது என்று மனதுக்குள் ஒரு சரிக்குறி போட்டிருந்தேன்.

பெர்னடெட் அக்கா ஓட்டோவிலிருந்து குதித்தார். "மல்லி, டிக்கக் இன்ன!" என்று சிங்களத்தில் சாரதியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, யூ.பி.எஸ்ஸின் வயர் நுனியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் ஏறினார். நானும் பெட்டியோடு இறங்க வேண்டியதாயிற்று. நளாயினி யூ.பி.எஸ்ஸைத் தூக்கிக்கொண்டாள். பன்னிரண்டு கிலோ. மூன்று பேரும் ஒரே வயரில் கோத்தபடி போனோம்.

செத்தல் மிளகாய் மூட்டைகள் அடுக்கிய ஒரு மொத்தக் கடை. வாசலில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் தொப்பி போட்ட முஸ்லிம் கடைக்காரர்.

"நானா, ஒரு பிளக் பொயின்ட் தாங்க. அவசரம்!" என்றார் பெர்னடெட் அக்கா.

"ஃபோன் சார்ஜுக்கா? அங்க பாருங்க, பன்னெண்டு ஃபோன் வரிசையில ஈக்கிது."

"ஃபோன் இல்ல நானா, கொம்பியூட்டர். உள்ள ஒரு கோள் வேகுது. நிண்டா இந்த டீச்சர்ட ஒம்பது வருசப் படிப்புப் போயிரும்."

"கோளா?"

"சூடான கோள். கேள்விய பொறகு கேளுங்க!"

ஒலி விடாமல் அடிக்கத் தொடங்கியிருந்தது. கடைக்காரர் அந்தச் சத்தத்தையும் நளாயினியின் முகத்தையும் பார்த்தார். பிறகு குனிந்து, மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்த மின்தராசின் வயரைப் பிடுங்கினார். நிறுவைக்கு நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

நளாயினி யூ.பி.எஸ்ஸைத் தரையில் வைத்துவிட்டு வயர் நுனியை வாங்கினாள். செருகி துளைக்குள் போகவில்லை. இரண்டாம் தடவை போயிற்று.

ஒலி நின்றது. என் மார்பில் விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

ஆனால் அந்தச் சின்ன ஜெனரேட்டரின் மின்சாரம் ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் யூ.பி.எஸ். 'டிக்' என்று பற்றரிக்குத் தாவி, மறுபடியும் 'டிக்' என்று திரும்பியது. மூட்டைகளுக்கு நடுவே பெட்டியைப் பிடித்தபடி நான் அந்த டிக்குகளை எண்ணினேன். முதல் ஐந்து நிமிடத்தில் பதினொன்று. மிளகாய் நெடியில் தும்மல் வந்தது. பெட்டி ஆடக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். கண்ணால் தண்ணீர் வடிந்தது.

"அழாதீங்க செக்ரட்டரி" என்றார் பெர்னடெட் அக்கா.

"மிளகாய்" என்றேன்.

"ஆமா, ஆமா."

நான் நளாயினியிடம் சொன்னேன், "சேமிக்கிற விசயத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னது நீங்கள். கேட்டு எழுதினது நான்" என்றாள். "ஆறும் எண்டு நானும்தான் நம்பினனான். ஆறுதோ இல்லையோ எண்டு பார்க்கிறதுக்குத்தான் ஒன்பது வருசம் படிக்கிறன். பிறகும் ஆறும் எண்டு எழுதி வச்சிருக்கிறன்."

கடைக்காரருக்கு இப்போது கேள்வி கேட்க நேரம் கிடைத்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். "விளங்குது டீச்சர். சவன் தட்டு மூடியத் தொறக்காம வெச்சா சோறு லுஹர் தொழுக வரைக்கும் சூடா ஈக்கும். அந்த மாதிரி."

"அதேதான் நானா. இதில மூடி நீராவி."

"அப்ப மூடிய யாரு தொறக்கிறது?"

"அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறம்."

நாற்பது நிமிடம் நின்றோம். தராசு இல்லாமல் ஒரு மொத்தக் கடை நாற்பது நிமிடம் நின்றது. தெரு இளகியதும் சாரதி ஹோர்ன் அடித்தார்.

"இப்ப எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று நளாயினி கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இருபது வருடத்தில் ஓர் அளவைக் கேட்டு அந்தப் பதிலை என்னிடமிருந்து அவள் வாங்கியதில்லை.

வயரைக் கழற்றினோம். கொட்டாஞ்சேனைக்குப் பதின்மூன்று நிமிடம். அதில் கடைசி நான்கு நிமிடம் ஒலியோடு போனோம். அந்தக் குறுகிய ஒழுங்கையில் ஓட்டோ நுழையாது. முப்பது அடி நடை. பெர்னடெட் அக்கா முன்னால் ஓடிக் கதவைத் திறந்தார். முன்னறைச் சுவரில் திருஇருதயப் படம். அதன் கீழே சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் இருந்தது.

முன்னறைத் தொலைக்காட்சி

திரையை வெள்ளவத்தையிலேயே விட்டு வந்திருந்தோம். அண்ணனின் தொலைக்காட்சியில் வயரைச் செருகினோம். கறுப்புப் பின்னணியில் இலக்கங்கள் வந்தன. 1417.

இன்னும் அழியவில்லை. நளாயினி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இனிப் பயம் வேறு மாதிரி. திரையில் இரண்டு இலக்க வரிசைகள். ஒன்று மேற்பரப்பின் வெப்பநிலை. மற்றது கோளில் மிஞ்சியிருக்கும் தண்ணீர், தொடக்கத்தில் இருந்ததில் நூற்றுக்கு எவ்வளவு என்று. வெப்பநிலை அசையவில்லை. தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. வியாழன் பகல் முப்பத்துநான்கு. மாலை இருபத்தாறு.

"இது ஒரு ஓட்டப் பந்தயம், அக்கா" என்று நளாயினி விளக்கினாள். "தண்ணி முடிய முதல் பாறை உறைஞ்சா மழை. உறைய முதல் தண்ணி முடிஞ்சா வறட்சி. என்ர கோட்டின்படி இதில மழை பெய்ய வேணும்."

"பெய்யும்" என்றார் பெர்னடெட் அக்கா, பஸ் வரும் என்று சொல்வது போல.

அவர் மாசிச் சம்பலும் பாணும் கொண்டுவந்தார். வந்துபோகும் போதெல்லாம் தொலைக்காட்சியைப் பார்த்து, "என்னா, இன்னும் கொதிக்குதா?" என்று கேட்டார். நான் அரை மணிக்கொரு தடவை இரண்டு இலக்கங்களையும் தாளில் எழுதினேன். 1417, 1417, 1417. ஒரு சரிக்குறிகூடப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் பதினொன்று. ஒன்பதுக்கு ஆறு. வெப்பநிலை 1416. நளாயினியின் மடிக்கணினியில் ஆய்வேடு திறந்திருந்தது. அனுப்ப வேண்டிய பக்கத்தில், புள்ளிக்கான இடம் வெறுமையாக இருந்தது.

பத்தரைக்குத் தண்ணீர் இரண்டு.

"தண்ணி போகுதே டீச்சர். இது எங்க போகுது?"

"வெளியால, அக்கா. மேல."

"திரும்பி வராதா?"

"வராது."

பதினொன்று நான்குக்கு இரண்டாம் வரிசையில் பூச்சியத்துக்குப் பின்னால் ஒரு புள்ளியும் சில்லறை இலக்கங்களும் வந்தன. போர்வை இல்லாமல் போயிற்று. அதன் பிறகு முதல் வரிசை அசைந்தது. 1415. 1412. 1406. ஐந்து நாளாக இழுத்துப் பிடித்திருந்தது கண் முன்னால் சரிந்தது. 1400.

கணினிப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. கோப்பு ஏறியது.

"பதிஞ்சிட்டுது!" என்று நளாயினி கத்தினாள். என் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். பெர்னடெட் அக்கா குசினியிலிருந்து ஓடிவந்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பதினொன்று பதினேழுக்குக் கணக்கு தானாகவே முடிந்து நின்றது.

புள்ளி கிடைத்துவிட்டது. ஆனால் அது கோட்டுக்கு மறுபக்கத்தில் கிடைத்திருந்தது.

மழை பெய்யும் என்று அவள் சொன்ன இடத்தில் ஒரு வறண்ட கோள். நான் நேரத்தைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று நிமிடம். "இப்ப என்ன செய்யப் போறீர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கோடு பிழை. புள்ளி சரி" என்றாள். "கோட்டைத்தான் நகர்த்த வேணும்."

அவள் வரைபடத்தைத் திறந்து ஒன்பது வருடக் கோட்டை அழித்தாள். புதுக் கோட்டைச் சற்று வெளியே தள்ளிப் போட்டாள். அதைப் பற்றி எழுதியிருந்த பந்தியில் நான்கு வசனங்களை வெட்டி, இரண்டை எழுதினாள். நான் பக்கத்திலிருந்து இலக்கங்களை வாசித்தேன். அவள் தட்டச்சு செய்ததை என் தாளோடு ஒப்பிட்டேன். ஓரிடத்தில் நான் இரண்டு தரம் பார்க்கச் சொன்னேன். அவள் மூன்று தரம் பார்த்தாள். கைபேசியின் இணைப்பு ஒரு தடவை அறுந்து திரும்ப வந்தது. பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு எல்லாம் ஏறி, அனுப்பும் பொத்தான் மட்டும் மிச்சம் இருந்தது.

பெர்னடெட் அக்கா இன்னும் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார். கடைசி வரி அப்படியே நின்றிருந்தது.

"டீச்சர், அப்ப அங்க மழையே பெய்யல்லையா?"

"இல்லை, அக்கா."

"ஒரு துளிகூட?"

நளாயினி அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் பார்த்தாள். விரல் பொத்தானுக்கு மேலே இருந்தது. "ஒரு துளிகூட இல்லை" என்றாள்.

பெர்னடெட் அக்கா தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோள்களிலும் சிலுவை அடையாளம் போட்டார். அந்த ஒழுங்கையில் ஒரு மரணச் செய்தி கேட்டால் போடுவது போல, அவசரமில்லாமல்.

நளாயினி அந்தக் கை கீழே இறங்கும் வரை காத்திருந்தாள். பிறகு அனுப்பினாள்.